நர்சரிக்குப் போனால் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள்

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்னங்கன்றுக்கு நான்கு. முந்திரி ஒட்டுக்கு நாலரை. காப்பிச் செடிக்கு ஒன்றுகூடக் கிடையாது.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது இந்த நர்சரி. பெயரைப் போடவில்லை. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எங்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள். நான் ஒன்று எழுதி, அது அவர்கள் கூலியில் போய் முடியக்கூடாது. அந்தச் சாலையில் நர்சரிகளுக்குப் பஞ்சமில்லை. நான் சொல்வதை எந்த நர்சரியில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் போனோம். நெட்டை ரகத் தென்னங்கன்று 25, ஒன்று 160 ரூபாய். கலப்பினம் 15, ஒன்று 380. முந்திரி ஒட்டு 12, ஒன்று 110. மாடிக்குப் புதர் மிளகு இரண்டு, ஒன்று 250. காப்பிச் செடி இரண்டு, ஒன்று 120. எல்லாம் சேர்த்து 11,760 ரூபாய். குட்டி யானை வாடகை தனியாக 2,800.

எதற்கு இவ்வளவு என்றால், நான் தொலைபேசித் துறையிலிருந்து 2020 ஜனவரி கடைசியில் விருப்ப ஓய்வில் வந்தவள். அந்தப் பணத்தில் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டோம். நாலு வருஷம் அது கருவேலங்காடாகவே கிடந்தது. போன வருஷம்தான் சுத்தம் செய்து கிணறு தூர் வாரினோம். தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம் வரும். நாங்கள் 60 சென்ட் மட்டும் தென்னைக்கு ஒதுக்கியதால் 40 கன்று. மேட்டுப்பாங்கான செம்மண் பகுதியில் முந்திரி.

கூட வந்தது அம்மா. வயது 78. மாடம்பாக்கத்தில் என்னோடுதான் இருக்கிறார். "நீ போயி ஏமாந்துட்டு வருவே, நானும் வாரேன்" என்று முந்தின நாளே புடவையை மடித்து எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் 31 வருஷம் வேலை பார்த்தவர். முதலில் கொழுந்து பறித்தார். தம்பி வயிற்றில் இருந்தபோது சரிவில் ஏறி இறங்க முடியாது என்று நர்சரிக்கு மாற்றினார்கள். பிரசவத்துக்குப் பிறகும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தேயிலைக்கு ஒரு இலை ஒரு கணு வைத்துத் துண்டு வெட்டிப் பையில் குத்துவது, காப்பி நாற்றைப் பிடுங்கி நடுவது, பை நிரப்புவது, இதெல்லாம் அம்மாவின் கைக்கு மனப்பாடம். வேர் பற்றி அம்மாவிடம் யாரும் கதை விட முடியாது.

கேட்டைத் தாண்டியதும் எல்லா நர்சரியும்போலத்தான் இருந்தது. போகன்வில்லா, அடீனியம், சிமெண்டுத் தொட்டி, புத்தர் தலை. இந்த முன்பக்கத்துச் செடிகளை வைத்து ஒரு நர்சரியை எடைபோடவே முடியாது. சென்னையில் விற்கிற பூச்செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்குகிறவை. இங்கே நான்கு நாள் தண்ணீர் ஊற்றி விற்கிறார்கள், அவ்வளவுதான். ஓனர் எங்களை அங்கேயே நிற்க வைத்து, பையனை விட்டுக் கன்றுகளை எடுத்து வரச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "கன்னு எங்க நிக்குதோ அங்க போயிப் பாக்கணும்" என்று பச்சை நிழல்வலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

பின்பக்கம்தான் உண்மையான நர்சரி. ஒரு பக்கம் செம்மண் குவியல், பக்கத்தில் மணலும் மக்கிய எருவும். ஐந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒருவர் முந்திரி ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் மணல் பாத்தியில் தென்னை நாற்று. ஓனர் வேறு வழியில்லாமல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

தென்னையை முதலில் சொல்கிறேன், பணம் அதிகமாகப் போனது அதில்தான்.

நெட்டை ரகக் கன்றுக்கு நான் இஞ்ச் டேப் எடுத்துப் போயிருந்தேன். வாங்குகிறவர்கள் எல்லாரும் உயரத்தைப் பார்க்கிறார்கள். உயரம் வெறும் ஏமாற்று. நெருக்கி வைத்து நிழலில் வளர்த்தால் எந்தக் கன்றும் வெளிச்சத்தைத் தேடி நெட்டுக்குப் போகும். பார்க்க வேண்டியது கழுத்து. தேங்காயிலிருந்து தண்டு கிளம்புகிற இடத்தில் சுற்றளவு 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை வயதான கன்றில் ஆறு இலையாவது இருக்க வேண்டும். இலை சீக்கிரமே பிரிந்து ஓலை மாதிரி ஆகியிருந்தால் இன்னும் நல்லது. விதைத்த ஐந்தாறு மாதத்துக்குள் முளைக்காத காய்களைப் பாத்தியிலிருந்து எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. பிந்தி முளைப்பது பிந்தியே காய்க்கும். அதைத் தூக்கிப்போட எந்த வியாபாரிக்கும் மனசு வராது. இங்கேயும் ஒரு மூலையில் குச்சி மாதிரி ஒரு முப்பது கன்று நின்றது. "அது தனி ரேட் மேடம்" என்றார் ஓனர். விலை குறைவாம். குறைந்த விலையில் வாங்கி, அறுபது வருஷம் அதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

நான் டேப் வைத்து அளந்ததில் ஓனருக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆனால் தடுக்கவில்லை. 25 பொறுக்க 60 கன்று பார்த்தேன். இதற்காகவே அவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். வேறு இடங்களில் "எடுத்து வச்சதைத்தான் தருவோம்" என்று கறாராகச் சொல்லிவிடுகிறார்கள்.

கன்று எடுத்த விதத்தில்தான் சண்டை வந்தது. பையன் ஒருவன் ஓலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். மூன்று கன்று அப்படி வந்துவிட்டது, பாதி வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, நாலாபக்கமும் போகிற சல்லிவேர்தான். அதைப் பக்கவாட்டில் மண்வெட்டி போட்டு வெட்டித் தூக்க வேண்டும். "ஏலே, பொம்பளப் புள்ள சடையப் புடிச்சு இழுக்குற மாதிரி இழுக்குதியே" என்று அம்மா ஒரு சத்தம் போட்டதும் பையன் மண்வெட்டி எடுக்க ஓடினான். இழுத்த மூன்றையும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவை திரும்பப் பாத்திக்கே போயின. அடுத்து வந்தவர் தலையில் கட்டியிருப்பார்கள், அது வேறு விஷயம்.

கலப்பினம் பையில் வளர்த்தது. ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்குக் குறையாது. குட்டைத் தாய்க்கு நெட்டையின் மகரந்தம் சேர்த்த ரகம். சாவக்காட்டு ஆரஞ்சுக் குட்டையில் மேற்குக் கடற்கரை நெட்டையைச் சேர்த்தால் வருவதற்குச் சந்திர சங்கரா என்று பெயர். இது ஏன் விலை அதிகம் என்று யோசித்தால் அநியாயமாகத் தெரியாது. ஒரு ஆள் மரம் ஏறி, பாளையில் இருக்கிற ஆண் பூக்களை எல்லாம் எடுத்துவிட்டு, பையைக் கட்டி, பெண் பூ பக்குவப்படுகிற நாளில் திரும்பத் திரும்ப ஏறி மகரந்தத்தூளைத் தூவ வேண்டும். பிறகு காய் முற்றப் பதினொன்று, பன்னிரண்டு மாதம். நாற்றங்காலில் இன்னொரு வருஷம். மரம் ஏறுகிற ஆளுக்கே பஞ்சமான காலத்தில், ஒரு நாளில் ஒருவர் எத்தனை மரம் ஏறி இறங்க முடியும்? அந்தக் கூலியும் சேர்ந்துதான் 380.

ஆனால் 380 கொடுத்தால் அது கலப்பினமாக இருக்க வேண்டுமே. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தாய் ஆரஞ்சுக் குட்டை என்றால், சரியாகக் கலந்த கன்றின் மட்டைக்காம்பு பழுப்பாக, செம்பு வெங்கலம் மாதிரி இருக்கும். அசல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் தன் மகரந்தத்திலேயே பிடித்துவிட்டது என்று அர்த்தம், அது வெறும் குட்டை. எனக்கு எடுத்து வைத்த பதினைந்தில் நான்கு ஆரஞ்சு. காட்டினேன். "வெயிலுக்கு அப்படி இருக்கும் மேடம்" என்றார். வெயில் அந்த நான்கு கன்று மேல் மட்டுமா அடித்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மாற்றிக் கொடுத்தார், மறுபேச்சு இல்லை. அவருக்கே தெரியாமல் வந்ததா, தெரிந்தும் வைத்தாரா என்று நான் கிளறவில்லை.

முந்திரி ஒட்டுதான் இங்கே வாங்க வேண்டியது. ஒட்டுக் கட்டுகிறவர் பண்ருட்டிப் பக்கத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ.-3 ரகம்தான் கட்டுவாராம். விதையிலிருந்து வந்த இளங்கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, அதே பருமனில் உள்ள குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடா சுற்றி, மேலே பெப்சி ஐஸ் கவர் மாதிரி ஒரு சின்ன உறையைப் போட்டு விட்டுவிடுகிறார். ஒரு ஒட்டுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குச்சியைத் தாய்மரத்திலிருந்து வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அதில் இருக்கிற இலைகளைக் கிள்ளி விட்டுவிட வேண்டும், அப்போதுதான் மொட்டு திரண்டு நிற்கும் என்றார். அவர் கை வேகத்தைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அம்மா பேசாமல் இருப்பது பெரிய பாராட்டு.

ஒரு நாளைக்கு எத்தனை கட்டுவீர்கள் என்று கேட்டேன். "கட்டுறது கணக்கில்லம்மா. புடிச்சதுக்குத்தான் காசு" என்றார்.

அதாவது, ஒட்டுப் பிடித்துத் துளிர் விட்ட செடிக்கு மட்டும்தான் அவருக்குக் கூலி. பிடிக்காததற்கு ஒன்றுமில்லை. அதனால் அவர் அவசரப்படுவதில்லை. கத்தியை நாலு செடிக்கு ஒருமுறை துடைக்கிறார். பருமன் ஒத்துவராத குச்சியைத் தூர எறிகிறார். எங்கள் 12 ஒட்டில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிறதை எல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள், அது அடிச்செடி. விட்டுவிட்டால் மேலே இருக்கிற நல்ல ரகத்தை அமுக்கிவிடும். கட்டியிருக்கிற நாடாவையும் பிறகு ஞாபகமாக அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டை இறுக்கும்.

இனி காப்பிச் செடி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பை நிரப்புகிற பெண்களை அம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "ஏட்டி, அந்தப் பச்சைச் சேலைக்காரி பத்து நிமிசத்துல எத்தனை பை போடுதான்னு எண்ணு" என்றார். எண்ணினேன். பதினான்கு. பக்கத்தில் இருந்த இளம்பெண் பதினொன்று. பச்சைச் சேலைக்காரர் கையில் சாய்வாக வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று இருந்தது. அதில் மண்ணை அள்ளி, அதையே பை வாயில் செருகிக் கவிழ்த்துவிடுகிறார். மற்றவர்கள் கையால் அள்ளினார்கள். வீட்டுக்காரர் பிளம்பர் வேலை பார்க்கிறார், மிச்சக் குழாயில் வெட்டிக் கொடுத்தார் என்றார். மற்ற நான்கு பேருக்கும் அப்படி ஒன்று வெட்டிக் கொடுக்க ஓனருக்கு இத்தனை நாளாகத் தோன்றவில்லை. ஐந்து ரூபாய்ச் சமாச்சாரம்.

பைக்கு 80 காசு கூலி. ஐந்நூறு பை போட்டால் 400 ரூபாய். காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்தே செய்கிறார்கள். இருபது பை சேர்ந்ததும் எழுந்து, கால் மரத்துப்போனதை உதறிவிட்டு, தூக்கிக்கொண்டு முப்பது தப்படி நடந்து பாத்தியில் அடுக்கிவிட்டுத் திரும்ப வந்து உட்கார வேண்டும். இந்த நடைக்குக் காசு கிடையாது. "எங்க எஸ்டேட்டுல இடுப்பு உசரத்துக்குப் பலகை போட்டிருப்பாக. சலிச்ச மண்ண அதுல கொட்டிருவாக. ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டே போடுவோம். பைய அடுக்குறதுக்கு வேற ஆளு" என்றார் அம்மா. ஓனர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். இது பின்னால் வரும்.

அப்புறம் அம்மா ஒரு பையைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கீழ்ப்பாதி உள்ளே போனது. "இது பையா பலூனா?" மண்ணை மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தரையில் தட்டி இறுக்க வேண்டும். ஒரே கொட்டாகக் கொட்டினால் நடுவில் காற்று நிற்கும், வேர் அந்த இடத்துக்கு வந்ததும் காய்ந்துவிடும். தட்டுவதற்கு நேரமாகும். நேரம் 80 காசு.

அவர்களில் இரண்டு பேர் மதியத்துக்கு மேல் நாற்று மாற்றி நட உட்கார்ந்தார்கள். மணலில் முளைக்கப்போட்ட காப்பி நாற்று. மாடித்தோட்டக்காரர்கள் இப்போது காப்பிச் செடி கேட்கிறார்களாம், அதனால் ஏற்காட்டிலிருந்து கார்த்திகையில் விதை வாங்கிப் போட்டிருந்தார். காப்பி விதை முளைத்து வரும்போது விதையையே தலையில் தூக்கிக்கொண்டு, தொப்பி போட்ட சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்கும். தோட்டத்தில் அதற்கு சோல்ஜர் என்றே பெயர். பிறகு தொப்பி கழன்று இரண்டு இலை விரியும், அது பட்டர்ஃப்ளை. எனக்குச் சின்ன வயதில் தெரிந்த முதல் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் இவைதான்.

காப்பிக்கு ஆணிவேர் உண்டு. மாற்றி நடும்போது குச்சியால் பையில் ஆழமாகக் குத்தி, நாற்றை உள்ளே விட்டு, ஒரு விரற்கடை மேலே இழுத்து, அதன் பிறகு மண்ணை அமுக்க வேண்டும். அந்த மேல் இழுப்புதான் வேரை நேராக்குகிறது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டால் வேர் நுனி குழிக்குள் மடிந்து, தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கித் திரும்பிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இலை பளபளவென்று இருக்கும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஓடும். முதல் கனமான காய்ப்பு வருகிறபோது, அல்லது ஒரு நல்ல கோடையில், வேர் கீழே போய்த் தண்ணீர் எடுக்க முடியாமல் செடி மஞ்சளாகிச் சாயும். அப்போது ஆளாளுக்கு மருந்து அடிப்பார்கள்.

இங்கே அந்த இழுப்பைக் காணோம். குத்து, செருகு, அமுக்கு. அடுத்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து அவர்களோடு கீழே உட்கார்ந்து நாலைந்து நட்டுக் காட்டினார். அந்தப் பெண், "ஆயா, எங்களுக்கும் தெரியும். அது பாத்துக்கினு இருந்தா நாளுக்கு ஆயிரம் வைக்க முடியாது" என்றார். அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. (ஆயா என்று கூப்பிட்டதும் பிடிக்கவில்லை, அதை வீட்டுக்கு வந்து சொன்னார்.)

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பில் போட்டே பழகிய கை. அந்த இழுப்புக்கு இரண்டு விநாடி வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் நாற்றுக்கு இரண்டாயிரம் விநாடி. முப்பத்து மூன்று நிமிஷம். ஒரு நாள் கூலியில் அரைமணி நேரத்துக்காக ஆயிரம் செடியின் வேர் மடிகிறது. அந்த அரைமணி அந்தப் பெண்ணின் கணக்கில் முப்பது ரூபாய்கூட வராது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நட்டு ஒரு வருஷமான செடியைப் பார்க்கலாம் என்று இரண்டு வாங்கினோம். பில் போட்டுக் காசு கொடுத்த பிறகு, அம்மா அங்கேயே ஒரு பையைக் கிழித்தார். காசு கொடுத்தாயிற்று, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மண்ணை உதிர்த்ததும் அப்படியே தூண்டில் முள். ஓனர் பார்த்தார். "செடி பச்சையாத்தானே இருக்கு பாட்டிம்மா" என்றார்.

"இப்ப பச்சையாத்தான் இருக்கும். காய் புடிக்கையில சாகும். அப்ப உன்னத் தேடி யாரு வருவா?"

அவர் சொன்ன பதிலையும் எழுத வேண்டும், அதுதான் நியாயம். "சென்னையில இது எங்க காய்க்கப்போவுது பாட்டிம்மா. அழகுக்கு வைக்கிறாங்க." இது உண்மை. அராபிகாவுக்கு மலைக் குளிர் வேண்டும். நம் மொட்டை மாடி வெயிலில் அது உயிரோடு நின்றாலே பெரிய விஷயம். ஆனால் அதே கை, அதே 80 காசு வேகத்தில்தானே மற்ற நாற்றையும் நடுகிறது? பக்கத்துப் பாத்தியில் நின்ற தேக்கு, மகாகனி எல்லாம் விவசாயிகள் இருபது வருஷக் கனவோடு வாங்கிப் போகிறவை.

எஸ்டேட்டில் எப்படிச் சமாளித்தார்கள் என்று அம்மாவைக் கேட்டேன். நர்சரிக்கு மட்டும் எண்ணிக்கைக் கூலி கிடையாதாம். கொழுந்துக்கு உண்டு: அளவுக்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு. நர்சரியில் நாள் சம்பளம் மட்டும். சாயங்காலம் கண்டக்டர் (எஸ்டேட் மேற்பார்வையாளர்) வந்து வரிசைக்கு ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். மடிந்திருந்தால் அந்த வரிசை முழுக்க மறுபடி. "வைய மாட்டாரு. பிடுங்கிக் கையில குடுத்துட்டுப் போயிருவாரு. அது வையிறத விட மோசம்."

வேப்பமரத்தடிக்காரருக்குப் பிடித்ததற்குக் காசு, இவர்களுக்கு நட்டதற்குக் காசு. அப்படியானால் இவர்களுக்கும் இரண்டு மாதம் கழித்து உயிரோடு நிற்கிற செடிக்குக் கொடுக்கலாமே என்று எனக்கு முதலில் தோன்றியது. வீட்டுக்கு வருகிற வழியில் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று புரிந்தது. அவருக்குப் பண்ருட்டியில் சொந்த நிலம் இருக்கிறது, இரண்டு மாதம் காத்திருப்பார். இந்தப் பெண்கள் அன்றைக்குக் காசை வாங்கிக்கொண்டு போய்த்தான் அரிசி வாங்க வேண்டும். அதற்கு அம்மா சொன்ன எஸ்டேட் வழிதான் சரி, நாள் கூலி கொடுத்துவிட்டு வேரைப் பிடுங்கிப் பார்ப்பது. ஓனருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் கட்டியிருக்கிற அடுக்குமாடிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனால் மாதச் சம்பளம், மேலே கூரை. மண்ணில் உட்கார யார் வருவார்கள்? வந்த ஐந்து பேரை வைத்து எண்ணிக்கையைக் காட்ட வேண்டியிருக்கிறது.

ரூட் டிரெய்னர் கப் கொஞ்சம் வைத்திருந்தார், தேக்குக்கு. உள்ளே வரி வரியாக மேடு வைத்த பிளாஸ்டிக் குவளை, அடியில் ஓட்டை. வேர் சுற்றாமல் நேராக இறங்கி, ஓட்டையில் காற்றுப் பட்டதும் நுனி நின்றுவிடும். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் கன்றையே இப்படி வளர்க்கிறார்கள். தென்னை நார்க்கழிவு போடுவதால் எடையும் கம்மி, ஒரு பெண் ஒரே நடையில் ஒரு தட்டைத் தூக்கிவிடலாம். ஆனால் சென்னைக் கோடையில் ஒரு வேளை தண்ணீர் தப்பினாலும் கருகும் என்றார்கள். அவர் சோதனைக்குத்தான் வைத்திருக்கிறார்.

புதர் மிளகு பற்றிச் சுருக்கமாக. பன்னியூர்-1 ரகம் என்றார், பக்கக் கிளையில் எடுத்த பதியன், கொடியாக ஏறாது என்றார். ஒன்று புதராக நிற்கிறது, நாலு சரம் விட்டிருக்கிறது. இன்னொன்று இப்போது மாடிக் கைப்பிடியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

டெலிவரி நன்றாக இருந்தது. குட்டி யானைக்காரர் கன்றுகளை நிற்க வைத்து, ஓலையைச் சேர்த்துக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு மூடி மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். மூன்றடிக்கு மூன்றடி குழியை ஜே.சி.பி. வைத்து முந்தின வாரமே எடுத்திருந்தோம். ஆள் வைத்தால் ஒருவர் நாளுக்கு நாலு குழி, அதற்கே மண்வெட்டி மழுங்கிவிடும் என்றார்கள். எஸ்டேட் பலகை தெரிந்த அம்மா இதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குழிக்குள் தேங்காய் மட்டையைப் பரப்பி நட்டோம், முதல் கோடைக்குத் தென்மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி வைத்தோம்.

ஜூனில் கணக்கெடுத்தபோது 40 தென்னையில் 37 நின்றது. இரண்டு கரையானுக்கு, ஒன்று பக்கத்து ஊர் ஆட்டுக்கு. கரையானுக்குப் போனதை மட்டும் ஓனர் மாற்றிக் கொடுப்பதாகப் போனில் சொன்னார். ஆட்டுக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்டார், சரிதான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஓனர் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். பின்பக்கம் ஒரு பெரிய இரும்பு மேஜை நின்றது, பச்சை பெயிண்ட் காயாத வாசனையோடு. "பாட்டிம்மா சொன்னீங்கள்ல, பண்ணிட்டேன். பதினாலாயிரம்" என்றார். மேஜை மேல் உரமூட்டை அடுக்கியிருந்தது. ஐந்து பெண்களும் அதன் கீழே, நிழலில், முன்பு மாதிரியே தரையில் உட்கார்ந்து பை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் கையிலும் குழாய்த் துண்டு இருந்தது, அதைக் கவனித்தேன்.

அம்மா பச்சைச் சேலைக்காரரை எழுந்து நிற்கச் சொன்னார். மேஜை அவர் நெஞ்சுக்கு வந்தது. பிறகு ஓனரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவருக்குச் சரியாக இடுப்புக்கு வந்தது.

"வெல்டரு யாரை நிறுத்தி அளவெடுத்தான்?" என்று கேட்டார் அம்மா.